வரைபடத்தைக் காட்டிவிட்டு வாக்குக் கேளுங்கள்

இலங்கை நாடாளுமன்றத்தில் 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி ஒரு விசித்திரமான வாக்கெடுப்பு நடைபெற்றது. மாகாண சபைத் தேர்தல் தொகுதிகளின் எல்லைகளை வரையறுத்த அறிக்கை அன்று சபையின் அங்கீகாரத்துக்கு விடப்பட்டது. ஆதரவாக ஒரு வாக்குத்தானும் விழவில்லை. எதிராக 139 வாக்குகள் விழுந்தன. அறிக்கையைச் சபையில் முன்வைத்த அமைச்சர் பைஸர் முஸ்தபாவே அதை எதிர்த்து வாக்களித்தார். தான் கொண்டுவந்த பிரேரணையைத் தானே தோற்கடித்த அமைச்சரை உலக நாடாளுமன்றங்களில் தேடிப் பார்த்தாலும் எளிதில் காணமுடியாது.

அன்று தோற்கடிக்கப்பட்டது ஓர் அறிக்கை மாத்திரம் அல்ல என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டின. கிழக்கு, வடமத்திய, சப்ரகமுவ மாகாண சபைகளின் பதவிக்காலம் 2017இலேயே முடிந்துவிட்டது. வடக்கு, மத்திய, வடமேல் மாகாண சபைகள் 2018 ஒக்ரோபரிலும், ஏனைய மூன்றும் 2019இலும் முடிவுக்கு வந்தன. 2025ஆம் ஆண்டு முடியும்வரையிலும் ஒன்பது மாகாணங்களில் ஒன்றிலேனும் தேர்தல் நடத்தப்படவில்லை. மாகாணங்களை ஆளுநர்கள் ஆண்டனர். பதின்மூன்றாவது திருத்தத்தை இரத்துச் செய்யவேண்டும் என்று முப்பது வருடங்களாகக் கூச்சலிட்டவர்களால் சாதிக்க இயலாததை, எல்லை நிர்ணயம் என்ற ஓர் எளிய நிர்வாகச் சொல் சத்தமின்றிச் சாதித்துவிட்டது.

இதை இப்போது நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. புதிய அரசியலமைப்பு ஒன்றைக் கொண்டுவருவதாக வாக்குறுதியளித்த தேசிய மக்கள் சக்தி 2024 நவம்பரில் 225 ஆசனங்களில் 159ஐக் கைப்பற்றியது. புதிய அரசியலமைப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் அதன் நிழலாக நாடாளுமன்றத் தேர்தல் முறை மாற்றம் என்ற பேச்சும் எழுவது இந்நாட்டின் வழக்கம். தேர்தல் முறை மாறுமானால் தொகுதிகள் திரும்பவும் வரையப்படவேண்டும். எனவே 2017இலும் 2018இலும் என்ன நடந்தது என்பதை நமது அரசியல்வாதிகள் மறந்திருந்தாலும் வாசகர்கள் மறந்துவிடலாகாது.

மாகாண சபைகள் தேர்தல் திருத்தச் சட்டமூலம் முதலில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அது சிறியதொரு சட்டமூலமாகவே இருந்தது. வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்குவதே அதன் நோக்கம். அதை யார் எதிர்ப்பார்? ஆனால் 2017 செப்ரெம்பர் 20ஆம் திகதி குழுநிலையில் அச்சட்டமூலத்தின் உடம்புக்குள் வேறோர் உயிர் புகுத்தப்பட்டது. விகிதாசார முறை நீக்கப்பட்டுத் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறை வந்தது. இலங்கையில் ஒரு சட்டமூலத்தை அது நிறைவேறுவதற்கு முன்னர்தான், அதுவும் குறுகிய கால எல்லைக்குள்தான், உயர் நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தலாம். சபாநாயகர் கையொப்பமிட்ட பிறகு எந்த நீதிமன்றமும் அதைத் தொடமுடியாது. அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை அந்தக் கதவை இறுக மூடியிருக்கிறது. குழுநிலையில் நுழைக்கப்படும் பெரியதொரு மாற்றம் நீதிமன்ற வாசலையே மிதிக்காமல் சட்டமாகிவிடும் என்பது இதன் பொருள். பெண்களின் பெயரால் வந்த சட்டமூலம் பெண்கள் உட்பட எவருக்குமே தேர்தல் இல்லாமற் செய்ததை நகைச்சுவை என்று கொள்வதா, வேறெதுவாகக் கொள்வதா என்று இக்கட்டுரையாளருக்குத் தெரியவில்லை.

அச்சட்டத்துக்கு 159 உறுப்பினர்கள் ஆதரவளித்தனர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஆதரித்தது. முஸ்லிம் கட்சிகள் ஆதரித்தன. மலையகத் தமிழரின் பிரதிநிதிகள் ஆதரித்தனர். இறுதி நேரத்தில் அவர்கள் பேரம் பேசியது உண்மை. தொகுதிகளுக்கு 60, விகிதாசாரத்துக்கு 40 என்று இருந்ததை ஐம்பதுக்கு ஐம்பது என்று மாற்றியதைப் பெரும் வெற்றியாக எடுத்துக்கூறினர். ஆனால் அந்த ஐம்பது சதவீதத் தொகுதிகள் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது கையுயர்த்திய எவருக்கும் தெரியாது. வரைபடம் அப்போது இருக்கவில்லை. காணியைப் பாராமல் உறுதியில் கையெழுத்து வைப்பவனை நமது ஊரில் என்னவென்று சொல்வார்கள்?

சட்டம் நிறைவேறிய பின்னரே முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையில் எல்லை நிர்ணயக் குழு நியமிக்கப்பட்டது. அக்குழு சில மாதங்களில் வேலையை முடித்து 2018 தொடக்கத்தில் அறிக்கையைக் கொடுத்தது. வரைபடத்தைக் கண்ட பிறகுதான் எல்லாருக்கும் கண் திறந்தது. முஸ்லிம் கட்சிகள் தமது மக்கள் சிதறடிக்கப்பட்டுவிட்டனர் என்றன. மலையகக் கட்சிகளும் அதையே சொல்லின. ஏனையோருக்குத் தேர்தல் தள்ளிப்போவதே போதுமாயிருந்தது. மூன்றிலிரண்டு பெரும்பான்மை கிடைக்காவிட்டால் பிரதமர் தலைமையிலான ஐவர் குழு மீளாய்வு செய்து இரண்டு மாதங்களில் ஜனாதிபதிக்கு அறிக்கை தரவேண்டும் என்று சட்டம் கூறியது. அந்தக் குழுவும் நியமிக்கப்பட்டது. அறிக்கை வரவில்லை. பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது. புதிய முறைக்குத் தொகுதிகள் இல்லை. பழைய சட்டத்தின்கீழ் தேர்தலை நடத்தலாமா என்று 2019இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கேட்டபோது முடியாது என்றே உயர் நீதிமன்றம் கூறியது. அதைத் தவிர அதற்கு வேறு வழியிருக்கவில்லை.

நாடாளுமன்றத்துக்கும் இதே மருந்தைக் கொடுப்பதற்கான முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2015 யூனில் அமைச்சரவை அங்கீகரித்த இருபதாவது திருத்த வரைவு 237 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றத்தை முன்மொழிந்தது. தொகுதிகளுக்கு 145, மாவட்ட விகிதாசாரத்துக்கு 55, தேசியப் பட்டியலுக்கு 37. அந்த மாத இறுதியில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதால் அது கைவிடப்பட்டது. பின்னர் 2017 செப்ரெம்பர் 21ஆம் திகதி, அதாவது மேற்சொன்ன மாகாண சபைச் சட்டம் நிறைவேறிய மறுநாள், அரசியலமைப்புப் பேரவையின் வழிநடத்தற் குழு இடைக்கால அறிக்கையைச் சமர்ப்பித்தது. அதில் 233 உறுப்பினர். தொகுதிகளுக்கு 140, விகிதாசாரத்துக்கு 93. எண்கள் மாறினாலும் எண்ணம் ஒன்றே. இப்போதுள்ள 160 தேர்தல் தொகுதிகளைக் குறைத்து, ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, அவற்றிலிருந்து ஒவ்வோர் உறுப்பினரைத் தெரிவு செய்வது.

தொகுதி பெரிதானால் என்ன என்று கேட்கலாம். ஒரு பிரதேசத்தில் சிறுபான்மையாக வாழும் மக்களுக்கு அதுவே எல்லாம். சிறிய வட்டத்துக்குள் பெரும்பான்மையாயிருப்பவர்கள் வட்டம் விரியும்போது சிறுபான்மையாகிவிடுவர். கண்டி மாவட்டத்தின் தோட்டத் தொழிலாளரையும், கொழும்பு வடக்கின் ஒழுங்கைகளில் வாழும் தமிழரையும், தென்னிலங்கையில் சிறு சிறு கூட்டமாய் வாழும் முஸ்லிம்களையும் எண்ணிப் பாருங்கள்.

சோல்பரி ஆணைக்குழுவினர் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். 1946ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஒவ்வொரு மாகாணத்துக்கும் 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்றும், 1,000 சதுர மைலுக்கு மேலதிகமாக ஓர் ஆசனம் என்றும் விதித்தது. பரப்பளவுக்கென மாத்திரம் 25 ஆசனங்கள். அவற்றில் வடமாகாணத்துக்கு 4, கிழக்கு மாகாணத்துக்கு 4. இதன் பயனாக 1947இல் வடக்குக்கு 9 ஆசனங்களும் கிழக்குக்கு 7 ஆசனங்களும் கிடைத்தன. அத்துடன் இனத்தாலோ மதத்தாலோ பிறவற்றாலோ ஒன்றுபட்ட மக்கள் ஓரிடத்தில் கணிசமாக வாழ்ந்தால் அவர்களுடைய பிரதிநிதித்துவத்துக்கு இடமளிக்கும் வகையில் எல்லைகளை வரையலாம் என்றும் ஆணைக்குழுவுக்கு அதிகாரமளிக்கப்பட்டது. ஐம்பதுக்கு ஐம்பது கேட்ட ஜீ.ஜீ. பொன்னம்பலத்துக்கு இது போதவில்லை. போதாது என்று அவர் சொன்னது சரியே. ஆயினும் இன்று முன்வைக்கப்படும் திட்டங்களை அதனோடு ஒப்பிட்டால் சோல்பரி பிரபுவே நமக்கு வள்ளலாகத் தோன்றுகிறார்.

அந்த ஏற்பாட்டை உடைப்பதற்கு அதில் ஓர் எழுத்தைத்தானும் மாற்றவேண்டியிருக்கவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து ஏழு தமிழர்கள் நாடாளுமன்றம் சென்றனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டமும், அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரின் வாக்குகளைப் பறித்தன. 1952இல் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. ஆனால் அவர்களுடைய தலைகள் மாத்திரம் தொடர்ந்து எண்ணப்பட்டன! ஆசனங்கள் வாக்காளர் தொகையைக் கொண்டு பகிரப்படவில்லை. ஆட்தொகையைக் கொண்டே பகிரப்பட்டன. தேயிலை மலைகளில் வாழ்ந்த நாடற்ற மக்களின் எண்ணிக்கையைக் காட்டிப் பெற்ற ஆசனங்களில் வேறு மக்களின் பிரதிநிதிகள் போய் அமர்ந்தனர். 1959இலும் 1976இலும் எல்லைகள் மீள வரையப்பட்டபோதும் இந்தக் கணக்கு தொடர்ந்தது. வாக்கினால் தெரிவு செய்யப்பட்ட மலையகத் தமிழர் ஒருவரை நாடாளுமன்றம் மீண்டும் காண்பதற்கு 1977வரை, சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவாகும்வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. அது மூவரைத் தெரிவு செய்யும் தொகுதியாக இருந்திராவிட்டால் அவரும் வந்திருக்கமாட்டார்.

பல அங்கத்தவர் தொகுதியின் அருமையை உணர விரும்புவோர் மூதூரின் கதையைப் படிக்கவேண்டும். 1960 முதல் மூதூர் இரு அங்கத்தவர் தொகுதி. 1970 தேர்தலில் ஒரு முஸ்லிமும் ஒரு தமிழருமாக அப்துல் மஜீதும் தங்கத்துரையும் அங்கிருந்து தெரிவாயினர். இரண்டு சமூகங்கள் ஒரே தொகுதியில் ஒன்றையொன்று விழுத்தாமல் தத்தமக்கு ஒருவரை அனுப்பிக்கொண்டன. 1976 எல்லை நிர்ணயத்தில் மூதூர் ஓர் அங்கத்தவர் தொகுதியாகச் சுருக்கப்பட்டது. சேருவில என்ற புதிய தொகுதி பிறந்தது. 1977இல் மூதூரில் ஒரு முஸ்லிமும் சேருவிலவில் ஒரு சிங்களவரும் தெரிவாயினர். திருகோணமலை மாவட்டத்தில் தமிழருக்கு எஞ்சியது திருகோணமலைத் தொகுதி ஒன்றே. ஒரு வாக்குச்சீட்டையும் யாரும் திருடவில்லை. அதற்கு முன்னரே மட்டக்களப்பின் தெற்கே கல்லோயாக் குடியேற்றத்தின் பின் அம்பாறைத் தொகுதி பிறந்திருந்தது. முதலில் வாய்க்கால், பிறகு குடியேற்றம், பிறகு தொகுதி என்பதே கிழக்கில் நாம் கண்ட ஒழுங்கு. எல்லை நிர்ணயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கிழக்குத் தமிழரும் முஸ்லிம்களும் ஏன் துணுக்குறுகின்றனர் என்று கொழும்பிலுள்ள நல்லெண்ணவாதிகள் அடிக்கடி வியப்பதுண்டு. வியப்பதற்கு ஒன்றுமில்லை.

விகிதாசார முறை இவ்வாறான கைவேலைக்கு ஓரளவு தடைபோட்டது. அதை 1978இல் கொண்டுவந்த ஜே.ஆர். ஜயவர்தனவின் நோக்கம் சிறுபான்மையினருக்கு நன்மை செய்வதல்ல என்பது தெரிந்ததே. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி சுதந்திரக் கட்சியைவிடக் கூடுதலான வாக்குகளைப் பெற்றும் 17 ஆசனங்களோடு ஒடுங்கியது. சுதந்திரக் கட்சிக்கு 91. 1977இல் நிலைமை தலைகீழாகி, ஏறத்தாழ 30 சதவீத வாக்குகளைப் பெற்ற சுதந்திரக் கட்சி 8 ஆசனங்களோடு நின்றது. தமக்கு மீண்டும் 1970 நேரக்கூடாது என்பதே ஜே.ஆரின் கவலை. எனினும் நோக்கம் எதுவாயினும் விளைவு வேறாயிற்று. 1988இல் பதினைந்தாவது திருத்தம் மாவட்ட வெட்டுப்புள்ளியை எட்டிலொரு பங்கிலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தபோது சிறிய கட்சிகளுக்கும் மூச்சுவிட முடிந்தது. அதைப் பெற்றெடுத்தவர் எம்.எச்.எம். அஷ்ரப். பேரம் பேசுவது என்றால் என்ன என்பதை நமது தலைவர்கள் அவரிடம் கற்றிருக்கலாம்.

விருப்பு வாக்கு முறையின் கேடுகளை இக்கட்டுரையாளர் மறைக்க விரும்பவில்லை. ஒரே கட்சிக்காரர் ஒருவருடைய சுவரொட்டியை மற்றவர் கிழிப்பதும், மாவட்டம் முழுவதும் பிரசாரம் செய்யப் பணமுள்ளவன் மாத்திரமே தேர்தலில் நிற்கக்கூடியதாயிருப்பதும், தமக்கென ஓர் உறுப்பினர் இல்லை என்று கிராமத்தவர் முறையிடுவதும் உண்மையே. தொகுதிக்குப் பொறுப்பான உறுப்பினர் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் விருப்பு வாக்கை ஒழிப்பதற்கு விகிதாசாரத்தை ஒழிக்கவேண்டியதில்லை. மாவட்டத்தைச் சிறிதாக்கி மூவரையோ ஐவரையோ தெரிவு செய்யும் தொகுதிகளை அமைக்கலாம். இந்த வழியை எந்த வரைவும் மனமாரப் பரிசீலிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1976இல் வரையப்பட்ட அதே 160 தொகுதிகளே இன்றும் வாக்கெண்ணும் பிரிவுகளாக இருக்கின்றன. தேர்தல் இரவுகளில் பத்திரிகைக் காரியாலயங்களில் முடிவுகள் வந்து விழுவதும் அவற்றின்படியே. ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்று பதினொரு பெயர்கள். 1977இல் பதினொரு பேரை அனுப்பிய பெயர்கள் அவை. விகிதாசார முறையிலும் 1989இல் யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 11 ஆசனங்கள் இருந்தன. 1994இல் அது 10 ஆகி, 2000இல் 9 ஆகி, 2015இல் 7 ஆகி, 2024இல் 6 ஆகியது. பதினொரு பெயர்கள், ஆறு உறுப்பினர்கள்.

இதைச் சிங்கள அரசின் சதி என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது முழு உண்மையாகாது. மாகாணத்துக்கு நான்கு வீதம் 36 ஆசனங்கள் போக, எஞ்சிய 160 ஆசனங்களும் வாக்காளர் இடாப்பின்படி மாவட்டங்களுக்குப் பகிரப்படுகின்றன. இடாப்பு மாறினால் ஆசனமும் மாறும். 2010இல் யாழ். மாவட்ட இடாப்பில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. கால்வாசிக்கும் குறைவானோரே வாக்களித்தனர். மிகுதிப் பெயர்களுக்குரியோரில் பலர் இறந்துவிட்டனர், காணாமற் போயினர், அல்லது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருந்தனர். இடாப்பு திருத்தப்பட்டபோது ஏறத்தாழ 2 இலட்சம் பெயர்கள் குறைந்தன. கடல் கடந்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் வாசகரே, யாழ்ப்பாணம் இழந்த ஆசனங்களின் கணக்கில் உங்களுடைய பெயரும் ஒன்று. உங்களைக் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. 1983இன் பின் எவர் ஓடினார், எவருக்காக ஓடினார் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கைவிட்டு விரட்டப்பட்ட முஸ்லிம்களின் தலைகள் பிறகு புத்தளத்தில் எண்ணப்பட்டதையும் இந்தக் கணக்கில் சேர்த்தே சொல்லவேண்டும். போர் மக்களைத் தின்றது. மக்கள் குறைந்ததைக் காட்டி வர்த்தமானி அறிவித்தல் ஆசனங்களைத் தின்றது. நாடாளுமன்றத்தில் ஒரு நிமிட விவாதமும் தேவைப்படவில்லை.

இந்தியாவில் 2025இல் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அனைத்துக் கட்சிகளைக் கூட்டி எழுப்பிய பிரச்சினையும் இதற்கு உறவானதே. குடித்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்குத் தண்டனையாக மக்களவையில் தன் பங்கை இழப்பதா என்று அவர்கள் கேட்டனர். 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு ஆசனப் பகிர்வை நிறுத்திவைத்ததால் அங்கே அரை நூற்றாண்டு அந்தக் கேள்வி தள்ளிப்போடப்பட்டிருந்தது. போரில் மக்களை இழந்த வடக்குக்காக அப்படி ஓர் ஆண்டை நிறுத்திவைக்கும்படி நமது உறுப்பினர்கள் கோரியிருக்கவேண்டும். 2009இன் பின் அதற்கான தருணங்கள் வந்தன, போயின.

இங்கேதான் ஓர் ஆசை வார்த்தை காத்திருக்கிறது. தொகுதி முறை திரும்பினால் வடக்குத் தமிழருக்கு நட்டம் அதிகமில்லை, இலாபமும் இருக்கலாம். 2024இல் யாழ். மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐத் தேசிய மக்கள் சக்தி வென்றது. எஞ்சிய மூன்றைத் தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரஸ் சார்ந்த அணியும் ஒரு சுயேச்சையும் பங்கிட்டுக்கொண்டன. கோப்பாயிலோ பருத்தித்துறையிலோ உள்ளூர் முகம் ஒன்றை நிறுத்தினால் வென்றுவிடலாம் என்று கணக்குப் போடும் தமிழ்க் கட்சிக்காரர் இருக்கின்றனர். கொழும்பும் அதை அறியும். வடக்குக்கு இரண்டு மூன்று தொகுதிகளைக் கூட்டிக் கொடுத்து, மலையகத் தமிழரையும் கொழும்புத் தமிழரையும் தென்னிலங்கை முஸ்லிம்களையும் தனித்து நிற்கவிடுவது அரசியல் சூத்திரத்தில் கடினமான பாடமன்று.

அந்தத் தனித்து நிற்றலில் என்ன போகும் என்பதற்கு 2015 தேர்தலைப் பாருங்கள். தமிழ் முற்போக்குக் கூட்டணி ஆறு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் மூன்று, பதுளை, கண்டி, கொழும்பு ஆகியவற்றில் ஒவ்வொன்று. மாவட்டம் எங்கும் சிதறிக் கிடந்த வாக்குகளை ஒருவருக்குச் சேர்த்தபடியால் வந்தவை பின்னைய மூன்றும். பதுளையிலோ கண்டியிலோ கொழும்பிலோ தமிழ் வாக்காளர் தாமாகவே ஒருவரை அனுப்பக்கூடிய ஓர் அங்கத்தவர் தொகுதியை 140 தொகுதிகளுக்குள் எப்படி வரைவீர்கள்? வரையமுடியும் என்போர் பென்சிலை எடுத்து வரைந்து காட்டட்டும்.

வடக்கு அரசியல் இந்தப் பரீட்சையில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருக்கிறது. மலையகத் தமிழரைப் பாதித்த சட்டங்களின் காலத்தில் ஜீ.ஜீ. பொன்னம்பலம் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் போய் அமர்ந்தார். அவரோடு முரண்பட்டுப் பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலையகத்தார் இன்று நாம், நாளை நீங்கள் என்றொரு எச்சரிக்கையைக் கேட்டு வளர்ந்த கட்சி அது. அதன் வாரிசுகள் 2017 செப்ரெம்பரில் வரைபடத்தைப் பாராமல் கையுயர்த்தினர் என்பதை எழுதும்போது பேனா தயங்குகிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும். அரசாங்கத்தோடு நல்லுறவு, அரசியல் தீர்வுக்கான சூழல், சந்தர்ப்பத்தைக் குழப்பக்கூடாது என்று அன்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. தீர்வும் வரவில்லை, மாகாண சபையும் போயிற்று.

எல்லைகளை வரைவதே தவறென்று இங்கே வாதிடப்படவில்லை. பிரித்தானியாவில் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரையப்பட்ட தொகுதிகளில் 2024 யூலைத் தேர்தல் நடந்தது. 650 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் வாக்காளர் தொகை 69,724க்குக் குறையாமலும் 77,062க்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்று விதி. எண்ணிக்கைச் சமத்துவத்தில் இவ்வளவு கண்டிப்பானவர்கள்கூட ஐந்து தீவுத் தொகுதிகளுக்கு விலக்களித்தார்கள். கடல் சூழ்ந்த மக்களைக் கணக்குக்காகக் கரையோடு ஒட்டவைக்க அவர்கள் விரும்பவில்லை. நெடுந்தீவாருக்கு இது விளங்கும். வரைபின் முதற்படிகள் மக்கள் முன் வைக்கப்பட்டன, ஆட்சேபங்கள் கேட்கப்பட்டன, திருத்தப்பட்டன. முடிவான வரைபை நிராகரிக்கும் அதிகாரத்தையும் நாடாளுமன்றம் அச்சட்டத்தின் மூலம் இழந்தது. அதற்கு முன்னர் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொகுதிகளை 600 ஆகக் குறைக்க முனைந்தபோது அங்கும் அரசியல்வாதிகள் தமக்குள் முரண்பட்டு 2013இல் அதைத் தள்ளிப்போட்டனர் என்பது வேறு கதை. பட்டபின் புத்தி வந்தது. நமக்கும் 2018இல் பட்டது.

ஆகையால் நாடாளுமன்றத் தேர்தல் முறையை மாற்றும் சட்டமூலம் எதுவாயினும் எல்லைகள் அதன் அட்டவணையாகவே வரவேண்டும். கிராம சேவையாளர் பிரிவுவரை பெயர் குறிப்பிட்டு, வர்த்தமானியில் மும்மொழியிலும் வெளியிட்டு, உயர் நீதிமன்றம் செல்ல மக்களுக்கு அவகாசம் கொடுத்து, அதன்பின்பே வாக்கெடுப்பு நடைபெறவேண்டும். மூதூர் இழந்த இரு அங்கத்தவர் ஏற்பாடும், 1946இல் இருந்த பரப்பளவு ஆசனமும் சட்டத்தின் உடலுக்குள்ளேயே எழுதப்படவேண்டும். ஆணைக்குழுவின் நற்குணத்துக்கு விடப்படக்கூடாது. குழுநிலையில் ஒரு பந்தியேனும் புதிதாகச் செருகப்பட்டால் தமிழ் பேசும் உறுப்பினர்கள் எல்லோரும், அரசாங்கத் தரப்பில் இருப்பவர்கள் உட்பட, எழுந்து வெளியேறவேண்டும். 2024இல் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் ஆளுங்கட்சிக்குச் சென்ற தமிழ் உறுப்பினர்களுக்கு இது சங்கடமான வேண்டுகோள் என்பது தெரிந்தே எழுதப்படுகிறது.

மாகாண சபைகளின் விடயம் இதைவிட எளிது. பழைய விகிதாசார முறைக்குத் திரும்புவதற்குச் சிறியதொரு திருத்தச் சட்டம் போதும். எம்.ஏ. சுமந்திரன் 2019இலேயே அதற்கான தனிநபர் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். ஒரு வருடத்துக்குள் மாகாண சபைத் தேர்தல் என்று 2024 விஞ்ஞாபனத்தில் எழுதிய கட்சி 159 உறுப்பினர்களோடு சபையில் இருந்தும், 2025இல் எல்லை நிர்ணயம் முடியவேண்டும் என்றே பதில் சொன்னது. 2018இல் இரண்டு மாதத்தில் வரவேண்டியிருந்த மீளாய்வு அறிக்கை எங்கே என்று சபையில் எழுந்து கேட்பதற்கு ஒரு தமிழ் உறுப்பினருக்கு ஐந்து நிமிடம் போதும்.